ஆறாம் நம்பர் பஸ் கட்சி

ஜூன் 5, திங்கள்

இன்று நான் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். காலை ஏழு பத்துக்கு, ஆறாம் நம்பர் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே சேர்ந்தேன்.

நடந்தது இதுதான். இங்கே அமெரிக்காவில் மாவட்டத்தைக் கவுண்டி என்பார்கள்; எங்கள் கவுண்டி நிர்வாகம் பஸ் நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஜனவரி முதல் ஆறாம் நம்பர் ஓடாதாம், ஏறுகிற ஆள் போதவில்லையாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த பஸ் போனால் நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விடவேண்டும், இவர்தான் கூட்டிவர வேண்டும். "நான் இருக்கேம்லா, உனக்கெதுக்கு லைசென்ஸ்?" என்று பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர், சந்தோஷமாகவே செய்வார். அதற்கு என்ன குறை. ஆனாலும் அறிவிப்பை இரண்டு தடவை படித்தேன்.

பஸ் கிளம்பியதும் லோர்னா எழுந்து நின்றாள். தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள், குரல் அப்படியே தெருக்கோடி வரை போகும். எங்கள் வார்டில் கவுண்டி கமிஷனர் பதவிக்கு நவம்பரில் தேர்தலாம். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று ஆளே நிறுத்தவில்லை, இன்னொன்றின் ஆள் போட்டியில்லாமல் ஜெயிக்கப் போகிறான், பஸ்ஸை நிறுத்தச் சொன்னவனும் அவன்தான். "நானே நிற்கப் போகிறேன். கட்சி பேர் பயணிகள் கட்சி. யார் வருகிறீர்கள்?" என்றாள். முதலில் கை தூக்கியது நான். ஏன் தூக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சுண்டவத்தல் குழம்பு. நன்றாக வந்தது.

ஜூன் 11, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அதுவும் அவர் கட்சிக் கூட்டத்துக்குச் சட்டை இஸ்திரி போடும்போது.

என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் இந்த வார்டில் ஒரு பெரிய கட்சியின் கமிட்டி உறுப்பினர். யானைக் கட்சியா கழுதைக் கட்சியா என்று எழுதமாட்டேன், எழுதினால் நாளைக்கே இந்த நோட்டைப் படித்துவிட்டு விளக்கம் கொடுக்க வந்துவிடுவார். எதிர்க்க ஆளில்லாமல் நிற்கிறவன் இவர்கள் ஆள்தான் என்று மட்டும் குறித்துவைக்கிறேன்.

"என்ன கட்சி?"

"பயணிகள் கட்சி."

"சின்னம் என்ன?"

எனக்குத் திக்கென்றது. நானும் லோர்னாவிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். இங்கே வாக்குச்சீட்டில் சின்னமே கிடையாது, பேர் மட்டும்தான் என்றாள். சின்னம் இல்லாமல் ஒரு கட்சியா என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு ஒப்பாது. "பஸ்தான் சின்னம்" என்று அடித்துவிட்டேன்.

சிரித்தார். கோபப்படவில்லை. "ஏட்டி மங்கை, வாக்குச்சீட்டுல பேரு வரணும்னா அறுநூறு கையெழுத்து வாங்கணும் தெரியுமா? எல்லாம் இந்த வார்டு வாக்காளர். ஜூலை முடியுததுக்குள்ள. உங்க பஸ்ஸுல மொத்தம் எத்தன பேரு?"

"இருபத்தி ரெண்டு."

"சரி. நல்லா வாங்குங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அந்த 'நல்லா'வில் ஒரு இழுப்பு இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே சூடு பிடித்தது.

ஜூன் 17, சனி

இன்று முழுக்க நூலகம். இந்த நாட்டுக் கட்சிகளின் சரித்திரத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன், தலை ஜிவ்வென்று இருக்கிறது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

கட்சி உடைவதையும் உடைந்தது சேர்வதையும் பார்த்து வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் மட்டும் மலை மாதிரி இரண்டே கட்சி ஆதிகாலத்திலிருந்து நிற்கிறது என்று நினைத்திருந்தேன். சுத்தப் பொய்! முதல் ஜனாதிபதி வாஷிங்டன் எந்தக் கட்சியிலும் இல்லை. கட்சிகட்டிச் சண்டை போடாதீர்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பதவியில் இருக்கும்போதே மந்திரிகளுக்குள் இரண்டு கோஷ்டி. அதில் ஒரு கட்சி ஒரு தலைமுறைக்குள் காணாமலே போயிற்று. மிஞ்சியதும் உடைந்தது. பிறகு விக் என்று ஒரு பெரிய கட்சி. இரண்டு தடவை ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார்கள், ஜெயித்த இரண்டு பேருமே பதவியிலேயே செத்துப்போனார்கள், பாவம். அடிமைமுறை விவகாரத்தில் அந்தக் கட்சியும் சிதறியது. 1854இல் விஸ்கான்சினில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பேர் கூடிப் புதுக்கட்சி வேண்டும் என்று பேசினார்கள். ஆறே வருடத்தில் அந்தப் புதுக்கட்சி ஆட்சியைப் பிடித்தது. இன்றைக்கு யானை என்று சொல்கிறோமே, அதுதான்!

மூன்றாம் கட்சிகள் கதை இன்னும் கூத்து. ஒரு ரகசியச் சங்கத்தை ஒழிக்கவே ஒரு கட்சி. நாடு முழுக்கப் பிரதிநிதிகளைக் கூட்டி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை முதலில் ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான். அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த ஆள் யார் என்றால், முன்னால் அதே ரகசியச் சங்கத்தில் இருந்தவர்! நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். இன்னொரு கட்சி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எதிராக. அதில் இருப்பவர்களை விசாரித்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டுமாம். போன வாரம் முழுக்க இவரிடம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பெல்வா லாக்வுட் என்று ஒரு பெண். 1884இல் ஒரு சின்னக் கட்சி சார்பில் ஜனாதிபதி பதவிக்கே நின்றிருக்கிறாள். அப்போது பெண்களுக்கு ஓட்டே கிடையாது. தனக்கே ஓட்டில்லாமல் அடுத்தவனிடம் போய் ஓட்டுக் கேட்டிருக்கிறாள், என்ன துணிச்சல்! அதோடு பார்த்தால் நான் எவ்வளவு கொடுத்துவைத்தவள். குடியுரிமை வாங்கி ஆறு வருடத்தில் மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டாயிற்று. தபாலில் சீட்டு வரும், இவரே நிரப்பிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுவார். எனக்கு ஓர் அலைச்சல் கிடையாது.

ஜூன் 25, ஞாயிறு

மனுத்தாள்கள் வந்துவிட்டன. ஒரு தாளுக்கு இருபது கோடு. முதல் தாளில் முதல் கோட்டில் லோர்னா என்னைப் போடச் சொன்னாள். பேனாவை வாங்கி ஒரு நிமிடம் முழித்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டு எத்தனை நாளாயிற்று! பள்ளிக்கூடத்துத் தாள், பேங்க், வீட்டுப் பத்திரம் எல்லாம் இவரே பார்த்துக்கொள்வார். கல்லூரியில் போட்ட மாதிரியே தமிழில், முழுப் பேராக, கோணலாக வந்தது. சிரிப்பு வந்துவிட்டது.

மளிகைக்கடை வாசலில் நாலு மணிநேரம் நின்றேன். முப்பத்தொன்பது. கால் வலி பிராணன் போகிறது. நாளைக்கும் நிற்பேன்.

ஜூலை 4, செவ்வாய்

விடுமுறை. மத்தியானம் சாப்பிடும்போது சண்டை. நல்ல சண்டை, உருளைக்கிழங்கு கருகியது.

"மூணாவது கட்சின்னா ஓட்டப் பிரிக்கத்தான்" என்றார். "1912 தெரியுமா? ரூஸ்வெல்ட் தன் கட்சிய விட்டுட்டு தனியா நின்னாரு. ஓட்டு ரெண்டா உடைஞ்சுது. எதிர்க்கட்சிக்காரன் ஜாலியா ஜெயிச்சுட்டான்."

"துப்பாக்கிக் குண்டு நெஞ்சுல இருக்கும்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினாரே, அது தெரியுமா உங்களுக்கு?"

"பேசி? ரெண்டாமிடந்தானே."

"தோத்தவங்க கேட்டதத்தான் ஜெயிச்சவங்க பின்னால சட்டமா போட்டாங்க. வருமான வரி, செனட்டரை ஜனங்களே தேர்ந்தெடுக்குறது, எல்லாம் சின்னக் கட்சிக்காரங்க கேட்டது. உங்க கட்சியும் ஒருநாள் புதுக்கட்சியாத்தான் இருந்துது. நீங்க மட்டும் ஆகாசத்துல இருந்து குதிச்ச மாதிரி பேசுதிய!"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இதெல்லாம் எப்பட்டி படிச்ச?" என்றார். பதினேழு வருடத்தில் என்னை அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதை இங்கே எழுதினால் என்ன.

ஜூலை 14, வெள்ளி

எல்லாருமாகச் சேர்ந்து நானூற்று முப்பத்தொன்று. இன்னும் நூற்று அறுபத்தொன்பது. லோர்னா முகம் தொங்கிப்போயிற்று. "நாளைக்குத் தமிழ்ச் சங்கப் பிக்னிக். என்னிடம் விடு" என்றேன். விட்டாள்.

ஜூலை 15, சனி

இருநூற்றுப் பதினாலு! இருநூற்றுப் பதினாலு!

முதலில் இருந்து எழுதுகிறேன். ஏரிக்கரைப் பூங்காவில் பந்தல். பிரியாணி வரிசையில் மனுத்தாளோடு நின்றுகொண்டேன். கையெழுத்துப் போட்டால்தான் தட்டு என்று சொல்லவில்லை, ஆனால் தட்டு அடுக்கு என் பக்கத்தில்தான் இருந்தது. சங்கச் செயலாளர் அறவாழி தம்பி மைக்கிலேயே சொல்லிவிட்டார்: "நம்ம மங்கை அக்கா கட்சிக்கு எல்லாரும் ஆதரவு தரணும்!" இந்த வார்டில் நம் ஆட்கள் நெருக்கமாக இருப்பது எவ்வளவு வசதி என்று இன்றுதான் தெரிந்தது.

நம் ஜனத்தைப் போல வருமா. மளிகைக்கடை வாசலில் ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. இங்கே ஓர் ஆள் வந்தால் வீடே வந்த மாதிரி. அறவாழி தம்பி தனக்குப் போட்டுவிட்டு, "மரகதம் அங்க விளையாட்டுப் போட்டி நடத்திக்கிட்டு இருக்கா அக்கா, அவளுக்கும் நானே போட்டுடறேன்" என்றார். போடுங்க தம்பி என்றேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். எனக்கும் யாரையும் தேடி ஓட வேண்டியிருக்கவில்லை. மூன்று மணிநேரத்தில் தாள் தீர்ந்துபோய் லோர்னாவுக்குப் போன் செய்தேன். போனிலேயே கத்தினாள், நானும் கத்தினேன்.

இவர் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 31, திங்கள்

தாக்கல் செய்தாயிற்று. 645. ஒவ்வொரு தாளின் அடியிலும், இதிலுள்ள கையெழுத்துகள் அந்தந்த நபரே என் முன்னால் போட்டவை என்று உறுதிமொழி. பிக்னிக் தாள்களில் நான் போட்டேன். அலுவலகத்துப் படிக்கட்டில் லோர்னா என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். என்னை யாரும் தூக்கி முப்பது வருடம் இருக்கும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஆட்சேபணை வந்திருக்கிறது. லோர்னா நகலோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். பிக்னிக் தாள்களில் ஐம்பத்தெட்டுக் கையெழுத்து ஒருவருக்காக இன்னொருவர் போட்டவை, எல்லாம் செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டைக் கழித்தால் 587. வாக்குச்சீட்டில் இடம் கிடையாது. லோர்னா, பஸ், எல்லாம் போச்சு.

ஆட்சேபணை தெரிவிக்க இந்த வார்டு வாக்காளர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். சரியாக ஐந்து இருந்தது. நாலாவது இவர். அது எனக்கு ஆச்சரியமில்லை, அவர் கட்சி, அவர் வேலை.

ஐந்தாவது, மங்கையர்க்கரசி நெல்லையப்பன்.

லோர்னா என் முகத்தையே பார்த்தாள். "இது நீயா?" என்றாள். அப்போது ஒரு நோயாளி வந்து பல் பிடுங்க எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதில் சொன்னேன், என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "மே மாசமே வெத்துப் படிவத்துல எல்லார்ட்டயும் வாங்கி வச்சிட்டாங்க. வீட்டுக்கு ரெண்டு பேரா போடச் சொன்னாங்க. எப்பவும் போல உனக்கும் போட்டேன். அப்ப நீ இதுல இல்லியேட்டி."

"பிக்னிக்ல நடந்தத எழுதிக் குடுத்தது யாரு?"

அவர் எழுந்து குப்பைப் பையைக் கட்ட ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 9, புதன்

பேசவில்லை. உப்புமா.

ஆகஸ்ட் 16, புதன்

கவுண்டி தேர்தல் அலுவலகம். விசாரணை பத்து மணிக்கு. இப்போது மாலை ஆறு, இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

லோர்னாவுக்காக வந்த வக்கீல் பெண் காதில் சொல்லிவைத்திருந்தாள்: ஐந்தாவது கையெழுத்து என்னுடையதில்லை என்று சொன்னால் போதும். மிச்சம் நாலு பேர்தான். ஆட்சேபணையே விழுந்துவிடும். ஐம்பத்தெட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். தேர்தல் அதிகாரி வழுக்கைத் தலை, பொறுமையான ஆள். அலுவலகத்தில் இருக்கும் என் வாக்காளர் பதிவு அட்டையை எடுத்து ஆட்சேபணைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இரண்டும் அச்சு அசல் ஒத்துப்போகிறதே அம்மா. ஆனால் மனுவின் முதல் தாளில் உங்கள் பெயருக்கு நேரே இருப்பதுதான் ஒத்துப்போகவில்லை."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, காதுமடல் வரை சுட்டது. அட்டையிலும் இவர்தான் போட்டிருக்கிறார். இந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை அவர் போடுவதுதான் என் கையெழுத்து. நான் என் கையால் போட்டது போலி. அந்த மூன்று தேர்தலும் ஞாபகம் வந்தது. ஓட்டுப் போட்டேன் ஓட்டுப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, நான் எங்கே போட்டேன்? இந்த நோட்டில்கூட ஜூன் மாதம் பெருமையாக எழுதிவைத்திருக்கிறேன்.

இவர் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. இது கேஸாகக்கூட ஆகலாம் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"இது என் கையெழுத்து இல்லை" என்றேன். "அட்டையில் இருப்பதும் இல்லை. இரண்டும் என் கணவர் போட்டது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். தப்பு என்று இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை."

வக்கீல் பெண் மூச்சு விட்டாள். லோர்னா என் முதுகில் தட்டினாள். அங்கேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார முடியவில்லை. அவர் எனக்குச் செய்ததைச் சபையில் சொல்லிவிட்டு, அதே காரியத்தை ஐம்பத்தெட்டுப் பேருக்கு நான் செய்ததை எப்படி மூடிவைப்பது?

"ஐயா, இன்னும் ஒன்று. அந்த ஐம்பத்தெட்டும் அவர்கள் போட்டது இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போடுங்க என்று நான்தான் சொன்னேன். அடியில் உறுதிமொழி கொடுத்ததும் நான்தான்."

"மங்கை, உட்கார்!" என்று லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: ஆட்சேபணை தள்ளுபடி. ஆனால் கையெழுத்து வாங்கியவளே ஒப்புக்கொண்டதால் அந்தக் கையெழுத்துகளை எண்ண முடியாது. விதிப்படி, அந்தந்த வாக்காளர் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் நேரில் வந்து தன் கையால் போட்டால் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. அடுத்து, உங்கள் கணவர் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

"வேண்டாம். அவரை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். இவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்து லோர்னா எனக்கு முன்னால் பஸ் நிறுத்தம் வரை விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பிறகு, "ஐம்பத்தெட்டில் பதின்மூன்று பேர் வந்தால் போதும். நாளைக்கு முதல் பஸ் ஆறு நாற்பதுக்கு. கிளம்பு" என்றாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

லீவு போட்டேன். முப்பத்தொரு வீடு ஏறி இறங்கினேன். கால் இரண்டும் வெந்நீரில் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

பாதி வீட்டில் ஒரே பதில்: "அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அக்கா." ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் இதில் என்ன தப்பு என்றிருப்பேன். இன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது, என் மேலேயும் சேர்த்து. கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, "எங்கையெழுத்தா? நான் எதுலயுங் கையெழுத்தே போடலீங்களே" என்றாள். போட்டிருக்கிறாய் என்றேன். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள் ஒரு பார்வை. அந்த மனிதர் டீ போடப் போய்விட்டார். பிரசவமாகி ஐந்து வாரமான ஒருத்தி, குழந்தையோடு வருகிறேன் என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நிச்சயமாக வருகிறேன் என்றவர்கள் ஒன்பது பேர். அறவாழி வீட்டில் மரகதம் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவளையும் சேர்த்தால் பத்து.

இவர் சோறு வடித்துவைத்திருந்தார். குழைந்திருந்தது. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எழுதிவிடுகிறேன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஐந்துக்கு ஆறாம் நம்பர் பஸ். எங்கள் நிறுத்தத்தில் என்னையும் லோர்னாவையும் தவிர மூன்று பேர்தான் ஏறினார்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் ஐந்து பேர் நின்றார்கள்! அதற்கடுத்த நிறுத்தத்தில் கைக்குழந்தைக்காரி, கோயம்புத்தூர்ப் பெண், அவள் இழுத்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் மூன்று பேர். கடைசியில் மரகதம், தனியாக. அந்தக் கூட்டத்தைப் பார்த்து டிரைவர் ஏதாவது கல்யாணமா என்று கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தி முறுக்கு டப்பாவைத் திறந்து லோர்னாவுக்கும் டிரைவருக்கும் கொடுத்தாள். ஆள் போதவில்லை என்று எழுதி ஒட்டிய ஆபீஸர் அந்த பஸ்ஸை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் இவர் உட்கார்ந்திருந்தார், கட்சி அனுப்பிய பார்வையாளராக. நாங்கள் திமுதிமுவென்று நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். சிலர் விறுவிறுவென்று போட்டார்கள். ஒருத்தி முதலில் கையில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தாளில் போட்டாள். குழந்தைக்காரி போடும்போது குழந்தையை அதிகாரியே வாங்கி வைத்துக்கொண்டார். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு. பதின்மூன்று! 587ம் 13ம் அறுநூறு! லோர்னாவும் நானும் குதித்தோம், ஐம்பது வயதில், அரசாங்க அலுவலகத்தில்.

மரகதம் மட்டும் மிச்சம். "நீயும் போட்டுடு, ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்" என்றேன்.

"நான் போடமாட்டேன் அக்கா" என்றாள் அவள். "எனக்கு உங்க கட்சி வேண்டாம். என் ஓட்டு உங்க வீட்டுக்காரர் கட்சிக்குத்தான். அன்னைக்கு என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். நான் வந்தது, எங்க வீட்டுக்காரர் போட்டத என் கண்ணு முன்னால அடிச்சுட்டுப் போகத்தான்."

அதிகாரியிடம் தானே ஆங்கிலத்தில் சொல்லி, கோடு போட்டு அடிக்கவைத்தாள். எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிடமே அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலவும் இருந்தது. குலுக்கினேன். பிக்னிக்கில் நான் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். "சரி விடுங்க" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அதிகாரி சொன்னார்: "ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது."

"இல்லை, அறுநூறு" என்றேன்.

"உங்களுடையதையும் எடுத்துவிட்டோம் அம்மா. அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று புதன்கிழமையே சொன்னேனே. அட்டையில் இருப்பது உங்களுடையதில்லை என்று நீங்களும் சொன்னீர்கள். புது அட்டை நிரப்பி உங்கள் கையால் போட்டால்தான் அந்தக் கையெழுத்து செல்லும்."

இரண்டு நாளாக ஊரில் இருக்கிற பெண்களை எல்லாம் வீடு வீடாகப் போய் எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னை எண்ண மறந்திருக்கிறேன். மணியைப் பார்த்தேன். நாலுக்கு ஏழு நிமிடம். லோர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அட்டை வந்தது. இவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில்தான் மேசை. அட்டையைப் பார்த்ததும் அவர் கை தானாக நீண்டு, சங்கிலியில் கட்டியிருந்த பேனாவை எடுத்துவிட்டது. "குடு, நான்..." என்று ஆரம்பித்தார். பெண்கள் பதினாலு பேரும் அவரையே பார்த்தார்கள். கைக்குழந்தைகூட அந்த நேரம் பார்த்து அழுகையை நிறுத்தியது.

அவர் முகம் சிவந்துபோயிற்று. பேனாவைத் திருப்பி, பிடிக்கும் பக்கம் எனக்கு வருகிற மாதிரி நீட்டினார். "இந்தா மங்கை. நீயே போடு" என்றார். தன் கட்சிக்கு அவர் செய்த பெரிய துரோகம் அதுதான், அதைத் தெரிந்தேதான் செய்தார்.

பேர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் நானே நிரப்பினேன். கட்சி என்ற இடத்தில் 'பயணிகள்' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துக் கோடு.

"நாலு மணிக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது" என்றார் அதிகாரி. "சுருக்கமாகப் போட்டாலும் போதும்."

நான் சுருக்கவில்லை. இரண்டு நிமிடம் தாராளம். மங்கையர்க்கரசி என்று, மனுவில் போட்ட மாதிரியே, ஓர் எழுத்து விடாமல் தமிழில், நிதானமாக எழுதினேன்.